களத்து மேட்டுக் கம்பம்

எனக்கு எழுபத்தி நாலு வயசு. ஆறு பேரை வளர்த்திருக்கிறேன். அஞ்சு என் வயிற்றில் பிறந்தது. இன்னொருத்தன் என் கொழுந்தன். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது மாமியார் உயிரோடு இல்லை, அவன் அரைஞாணில் கால்சட்டையைச் செருகிக்கொண்டு திரிகிற பிள்ளை. நான் முதன்முதலில் சோறு ஊட்டின வாய் அவன் வாய்தான். மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

கீழ்வேளூரிலிருந்து வயல் வழியாக உள்ளே வந்தால் எங்கள் ஊர். எங்கள் வீடு தெருவில் இல்லை, தெரு முடிந்து ஒரு களம் தாண்டி, தனியாக நிற்கிறது. கரண்டுக் கம்பம் தெருவோடு நின்றுவிடும். வீடு கட்டின காலத்தில் அந்த நெல் களம் எங்கள் எல்லாருக்கும் பொது. கம்பத்திலிருந்து கம்பியை இழுத்தார்கள். தூரம் கூடுதல் என்பதால் களத்து நடுவில் ஒரு சவுக்குக் கழியை நட்டு அதன் தலையில் தாங்க வைத்தார்கள். அங்கிருந்து எங்கள் சுவரில் இருக்கிற இரும்புக் குழாய் வழியாக உள்ளே இறங்கும். மழைத் தண்ணி உள்ளே போகாமல் இருக்க குழாயின் தலை கைத்தடி மாதிரி கீழே வளைந்திருக்கும். உள்ளே மீட்டர், பியூஸ், மெயின் சுவிட்ச். வாசல் ஓரத்தில் குழி வெட்டி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் கொட்டி, எர்த் கம்பியைப் புதைத்தார்கள். இந்த இடத்தை மட்டும் காயவிடாதீங்கம்மா என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவந்தேன். கோலம் போடத் தவறின நாள் உண்டு, அதைத் தவறினதில்லை.

அப்புறம் பாகம் பிரித்தோம். களம் கொழுந்தன் பங்குக்குப் போனது. பாகப் பேச்சு நடந்த அன்று ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மடையைப் பற்றி அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். என் வீட்டுக்காரர் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இவன் என் சோத்துல வளந்த பய. இவனுக்கு என்ன தெரியும்."

சொல்லிவிட்டு வெற்றிலைக்குக் காம்பு கிள்ள ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். அவனுக்கு அப்போதே காதோரம் நரைத்திருந்தது. அவன் பெண்டாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றோடு எங்களுக்குள் நல்லது கெட்டது நின்றுபோனது. அவன் மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. எங்கள் வீட்டு வளைகாப்புக்கு நாங்களும் சொல்லவில்லை. கம்பி மட்டும் அவன் களத்து மேலே போய்க்கொண்டிருந்தது. எடு என்று அவனும் சொல்லவில்லை, இருக்கட்டுமா என்று நாங்களும் கேட்கவில்லை.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்தது. வலது கை, வலது கால், வாய் மூன்றும் போயிற்று. மூன்றாவது போனதை நான் வெளியில் சொல்லவில்லை. ஊரையே அதட்டின மனுஷன் வாயடைத்துக் கிடக்கிறார் என்று தெருவுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? விசாரித்தவர்களிடம், கொஞ்சம் குழறுது, ஆனா பேசுறார் என்றே சொல்லிவைத்தேன். படுத்தே கிடக்கிற உடம்பு புண்ணாகக் கூடாது என்று என் பெரிய மகன் திருப்பூரிலிருந்து காற்று மெத்தை வாங்கிவந்தான். பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் கொசு மாதிரி பாடிக்கொண்டே இருக்கும், மெத்தை ஒரு பக்கம் தாழும், ஒரு பக்கம் எழும்பும். அது ஓடுகிறவரைக்கும் அவர் முதுகு குழந்தை முதுகு மாதிரி இருந்தது.

சம்பா அறுவடையில் வைக்கோல் வண்டி போகும்போதெல்லாம் ஒருத்தன் பாரத்து மேலே நின்று, மூங்கில் கவைக்கோலால் எங்கள் கம்பியைத் தூக்கிப் பிடிப்பான். வண்டி கடந்ததும் மெல்ல விடுவான். வருஷா வருஷம் அப்படித்தான். இந்த வருஷம் வெளியூர் டிராக்டர் வந்தது. மேலே ஆளில்லை. வைக்கோல் கம்பியில் மாட்டி, சவுக்குக் கழி முறிந்து, சுவரில் இருந்த குழாய் காரையோடு பெயர்ந்து வந்துவிட்டது. நான் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தேன். மோட்டார் நின்றிருந்தது. மெத்தை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

கரண்டு ஆபீசிலிருந்து உடனே வந்து பார்த்தார்கள். இனிமேல் கழியில் கட்ட முடியாது, ஆள் உயிருக்கு ஆபத்து, நடுவில் சிமெண்ட் கம்பம்தான் நட வேண்டும், களத்துக்காரர் சரி என்றால் நாளைக்கே ஆள் வரும் என்றார்கள். பெரியவன் வந்து சித்தப்பாவிடம் கேட்கப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"நாலு பேர் முன்னாடி சொன்ன வாயி, நாலு பேர் முன்னாடி கேக்கட்டும்கிறாரும்மா. அப்பா கேட்டா குழி வெட்டிக்கலாமாம்."

வாய் போனதை அங்கே சொல்லக் கூடாது என்றேன். ஜெனரேட்டர் எடுத்துவந்தோம். புகையில் இவருக்கு மூச்சு முட்டியது, திருப்பி அனுப்பினோம். மகன் தன்னோடு கூட்டிப்போக வண்டி கொண்டுவந்தான். இவர் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, விரலைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. நானே புரட்டிப் புரட்டிப் போட்டேன், விசிறினேன், பவுடர் போட்டேன். இடுப்புக்குக் கீழே முதலில் சிவந்தது. பிறகு தோல் விட்டது. பிறகு வாடை வந்தது. அந்த வாடையைப் பற்றி எழுத மாட்டேன். சாயங்காலமானால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். கரண்டு இல்லாத வீட்டில் அது எதற்கு என்று மகன் கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் இவரைக் கட்டிலோடு தூக்கச் சொன்னேன். மகனும் வயல் வேலைக்கு வந்த மூன்று பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். கொழுந்தன் களத்தில் நெல் காயப்போட்டு, காலால் அளைந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் கால் நிற்கவில்லை. நெல்லுக்குப் பக்கத்தில் கட்டிலை இறக்கச் சொன்னேன்.

"கேக்கணும்னியே. கேக்க வந்திருக்கார். தூக்கிட்டு வந்தவங்க நாலு பேர் இருக்காங்க, எண்ணிக்க."

"என்ன அண்ணி இது" என்றான். கால் நின்றுவிட்டது.

இவர் வாயைத் திறந்தார். கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எச்சில் வடிந்தது, நான் துடைக்கவில்லை, பார்க்கட்டும் என்று விட்டேன். மறுபடி வாயைத் திறந்தார், அதே சத்தம். பிறகு இடது கையைத் தூக்கி நீட்டினார். சின்ன வயசில் அவன் இடது கையால் தின்பண்டம் வாங்கினால் மணிக்கட்டில் தட்டி, சோத்துக் கையால வாங்குடா என்பார் இவர். அந்தக் கையைத்தான் அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேசுறாருன்னு சொன்னாங்களே" என்றான், மெதுவாக.

"நான்தான் அப்படிச் சொல்லிவச்சேன்."

நீட்டின கையை இவர் இறக்கவில்லை. அதைத் தொடுவான் என்று நினைத்தேன். என் கையால் தின்று வளர்ந்தவன், தொடுவான் என்றே நினைத்தேன். "எங்க வேணாலும் வெட்டிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டான். நெல்லில் கோழி இறங்கியது. விரட்ட ஆளில்லை.

கம்பம் வந்தது. டிராக்டரில் ஏற்றிவந்து, குழியில் இறக்கி, கயிறு கட்டி நிமிர்த்தினார்கள். புதுக் குழாய், புதுக் கம்பி, வைக்கோல் வண்டி தாராளமாகப் போகிற உயரம். மெயின் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் பாட ஆரம்பித்தது, மெத்தை எழும்பியது. கட்டுக் கட்ட வந்த நர்சம்மா புண்ணைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். எலும்பு தெரிகிறது என்றாள். வாய்க்காலில் புதுத் தண்ணி வருவதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

கொழுந்தன் சாவுக்கு வந்தான். தலை மழித்துக்கொண்டான், தம்பி செய்ய வேண்டியதெல்லாம் குறையில்லாமல் செய்தான். என் வீட்டில் ஒரு வாய் தண்ணி குடிக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு இந்தப் பக்கம் வரவும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. வீடு முழுக்க இப்போது விளக்கு எரிகிறது. மெத்தையைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டேன், மேலே மண் வெடித்துக் கிடக்கிறது.

பாப்பா, பாட்டிக்கு விரல் வலிக்கிறது, இதோடு போதும். இங்கே வந்து உட்கார். நான் எழுதினதை முதலிலிருந்து ஒரு தடவை படி. ஜன்னலைச் சாத்தாதே. களத்தில் உன் சின்னத் தாத்தா நெல் அளைகிறான், கட்டில் போன இடம் வரும்போது கொஞ்சம் சத்தமாகவே படி.