கர்சீப் போட்ட இடம்

நீலக் கட்டம் போட்ட ஒரு பழைய கர்சீப்தான் என் அக்காவின் நாவலில் ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்தது. இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். முதலில் சிரித்தவள் நான்தான் என்பதால் யாரையும் கோபித்துக்கொள்ள முடிவதில்லை.

அக்கா அப்போது தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து, ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் அறை எடுத்துத் தங்கி ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். அக்காவுக்கு ரயிலில் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் செல்போனிலேயே இளையோருக்காக ஒரு நாவல் எழுதினாள். ஆறு வருடம் எழுதினாள். வரப்போகும் காலத்து நகரம் ஒன்று. அங்கே அரசுக்குப் பிடிக்காதவர்களின் பெயர், படம், வீட்டு எண் எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்துவிடுவார்கள். பிறகு அப்படி ஒருவர் இருந்ததாகச் சொல்வதே குற்றம். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, காணாமல் போன தோழியின் கர்சீப்பை வகுப்பு பெஞ்சில் அவள் இடத்தில் விரித்து வைக்கிறாள். யாரும் அங்கே உட்காருவதில்லை. மெல்ல மெல்லப் பேருந்திலும் கேன்டீனிலும் காலி இடங்களில் எல்லாம் கர்சீப்புகள் தென்படுகின்றன. மூக்குத் துடைக்கும் துணியை எந்தச் சட்டம் போட்டுத் தடுப்பது என்று தெரியாமல் அதிகாரிகள் விழிக்கிறார்கள்.

சென்னையில் ஒரு பதிப்பகத்தின் எடிட்டர் அம்மாவுக்குக் கதை பிடித்துவிட்டது, கர்சீப்பைத் தவிர. இந்த மாதிரி நாவலுக்குக் கம்பீரமான ஒரு சின்னம் வேண்டும், பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்கிற மாதிரி. பித்தளைச் சாவி ஒன்று வைக்கலாமே என்றார். மாற்றினால்தான் புத்தகம் வரும் என்றும் சொல்லிவிட்டார். நானும் சும்மா இருக்காமல் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். அக்கா ஒரு மாதம் சாவியோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்து கத்தினாள்.

“சாவி கீழ கெடந்தா எவன் வேணாலும் எடுத்துக்குவான்டி. கர்சீப் போட்ட எடத்துல எவனாவது ஒக்காருவானா? உனக்குக் கூடவா தெரியாது?”

தெரியாமல் என்ன! எங்கள் ரயிலில் முதல் ஸ்டேஷனில் ஏறுகிறவர், அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறப்போகும் கூட்டாளிகளுக்காகக் கர்சீப் போட்டு வைப்பார். எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் அதைத் தொட மாட்டார்கள். ஆனால் நாங்கள் தினமும் பார்க்கிற ஒன்று புத்தகத்துக்குள் போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. புத்தகம் என்றால் வேறு யாருடைய ஊரோ என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்காவுக்கு வாதம் செய்ய வராது. பெங்களூருக்கு வேறு வேலையாக வந்த எடிட்டர் அம்மாவைத் தங்கவயலுக்கு அழைத்து, ஒரு நாள் எங்கள் வீட்டில் தங்க வைத்து, மறுநாள் காலை ரயிலில் ஏற்றினாள். நானும் கூட இருந்தேன். பெட்டியில் நிற்க இடமில்லை. சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் நடுவே மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. எடிட்டர் அம்மா அங்கே கிடந்த நீலக் கட்டம் போட்ட கர்சீப்பை எடுத்து, மரியாதையாக மடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சீட்டாட்டம் அப்படியே நின்றது. சுரங்கத்தில் வேலை பார்த்து, இப்போது பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டியாக இருக்கும் பெரியவர்தான் பேசினார்.

“மேடம், அங்க ஆள் வராரு.”

“சாரிங்க. எந்த ஸ்டேஷன்ல ஏறுவாரு?”

“ஆஸ்பத்திரில இருக்காரு மேடம். ஆபரேஷன் ஆயி மூணு வாரம் ஆவுது. வந்துடுவாரு.”

எடிட்டர் அம்மா எழுந்தார். கர்சீப்பைப் பிரித்து, நாலு முனையும் சரியாக இருக்கும்படி இழுத்துவிட்டு விரித்தார். பெங்களூர் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். அக்கா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் எடிட்டர் அம்மா, “சாவி வேண்டாம்மா. கடைசி அத்தியாயம் எப்போ தருவீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“அந்த அண்ணன் வரட்டும் மேடம்” என்றாள் அக்கா.

புத்தகம் போன வருடம் வந்தது. கடைசி அத்தியாயத்தை எனக்குக்கூட முன்னால் காட்டவில்லை. ஆபீஸில் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படித்தேன். ஆட்சி போய்விட்டது. எலும்பும் தோலுமாக அந்தத் தோழி வகுப்பு வாசலில் வந்து நிற்கிறாள். இனி அழுகையும் சொற்பொழிவும்தான் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். நாயகி எழுந்துகூட நிற்கவில்லை. கர்சீப்பை எடுத்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்காருகிறாள். “ஏன் லேட்டு?” என்று கேட்கிறாள். அவ்வளவுதான், நாவல் முடிந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்கும் அளவுக்கு அழுதேன். எங்க அக்கா எழுதின புத்தகம் என்று அந்தத் தளம் முழுக்கச் சொல்லிவிட்டு, வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன்.

“எப்படிக்கா இப்படி ஒரு வரி எழுதின?”

“நா எங்கடி எழுதுனேன்? அந்த அண்ணன் திரும்பி வந்தப்போ பெரியவர் அதான் கேட்டாரு.”

பெங்களூரில் அறை எடுப்பதற்கு முன்னால் அந்த ரயிலில் நானும் மூன்று வருடம் வேலைக்கு வந்தவள்தான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு.