மொக்கம்மாள் குட்டிய குட்டு

மொக்கம்மாள் தலையில் அதிகமாகக் குட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவள் எனக்குப் பெரியப்பா மகள், ஒரு வயது மூத்தவள். சுருளிப்பட்டியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே தெருவில் இருந்தன. பெரியப்பா சுருளியாண்டிக்கு ஆண்பிள்ளை இல்லை. வாய்க்கால் தகராறில் அவருக்குச் சர்க்காரிலிருந்து இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு படித்துச் சொல்லச் சொல்லிக் கம்பத்தில் மூன்று பேரிடம் போய் நின்றார். மூன்றாவது ஆள், "எழுத்துத் தெரியாத பயலுக்கு வாய்க்கால் எதுக்கு?" என்று சிரித்தான். வீட்டுக்கு வந்து காகிதத்தை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தார். மறுநாளே, உள்ளூரில் நாலாவதோடு நின்றிருந்த மொக்கம்மாளை என்னோடு கம்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். ஐந்தாம் வகுப்பில் முப்பது பையன்கள், அவள் ஒருத்திதான் பெண்.

எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் சுயம்புலிங்கம் பிரம்பைத் தொடமாட்டார். அதில் அவருக்கு அத்தனை பெருமை. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பதில் தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். பதில் சொன்னவன் போய், நிற்கிறவர்களின் மூக்கை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் உச்சந்தலையில் குட்ட வேண்டும். மெல்லக் குட்டினால், எப்படிக் குட்டுவது என்று வாத்தியார் நம் தலையிலேயே செய்து காட்டுவார். எனக்கு ஒருமுறை காட்டினார். அதற்குப் பிறகு நான் யாரையும் மெல்லக் குட்டவில்லை.

மொக்கம்மாள் தினமும் நிற்பாள். பள்ளிக்கூடம் வருகிற வழியிலேயே, காலையில் குடித்த கூழைப் புளியமரத்தடியில் வாந்தி எடுத்துவிடுவாள். இங்கிலீஷ் வகுப்புக்கு மணி அடித்ததும் அவளுடைய உள்ளங்கை வேர்த்து ஒழுகும். பாவாடையில் துடைப்பாள், மறுபடி துடைப்பாள். வாத்தியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறக்கும், சத்தம் வராது. ஒருநாள் நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. வாத்தியார் சிரித்தார். அவர் சிரித்தால் நாங்களும் சிரிக்க வேண்டும். நானும் சிரித்தேன்.

அவளுக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தோட்டத்துக்குப் போனால், கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் வடக்கயிற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு மாடுகளோடு இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கிறாள்! மாடு முன்னால் நடந்தால் "ஆக்ஸ் இஸ் கோயிங்" என்கிறாள். கிணற்றிலிருந்து ஏறிவந்த சால் தண்ணீரைக் கொட்டினால் "வாட்டர் இஸ் கம்மிங்" என்கிறாள். மலை, மரம், காக்கை எதையும் விடவில்லை.

"இத்தனை தெரிஞ்சுக்கிட்டா அங்கன ஊமையா நிக்கிற?" என்று கேட்டேன்.

"மாடு மூக்கைப் பிடிக்காதுடா."

"அப்ப பள்ளிக்கூடத்த விட்டுரு, அக்கா. பெரியப்பாகிட்ட நான் சொல்றேன்."

அவள் வடத்திலிருந்து குதித்து இறங்கினாள். "விடமாட்டேன். அந்த வாத்தியார ஒருநாளாச்சும் நான் குட்டணும். அதுக்குத்தான் வாரேன்." சொல்லும்போது அவள் குரலில் நடுக்கமே இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

முப்பத்தாறாம் வருஷம் மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். வாத்தியார் ஒரு மாதமாக ஒரே பாடத்தை எங்களுக்கு உருப்போட வைத்திருந்தார். அன்றைக்குப் புதுத் தலைப்பாகை, கஞ்சி போட்ட கோட்டு. இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கி மூடி வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று இங்கிலீஷில் கேட்டார். வகுப்பே எழுந்து நின்றது, நானும்தான்.

இன்ஸ்பெக்டர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லித் தொடங்கிவையுங்கள்."

வாத்தியாருக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். மொக்கம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த துடைப்பு அது.

"ஆக்ஸ் இஸ் கோயிங்," என்றாள். கணீரென்று இருந்தது. "ஹில் இஸ் தேர். ரெயின் இஸ் கம்மிங்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அவள் உட்காரவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டினாள், எல்லோரையும் தாண்டினாள், நேரே வாத்தியார் முன்னால் போய் நின்றாள்.

"தலைப்பாவ எடுங்க சார்."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "சின்னப் பிள்ளை சார், ஏதோ உளறுது," என்றார் வாத்தியார். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் செய்த ஒரே நல்ல காரியத்தை அப்போதுதான் செய்தேன். "பதில் தெரியாதவுகளத் தெரிஞ்சவுக குட்டணும் சார். எங்க சார்தான் அப்படிச் சொன்னாக."

இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்தார். "உங்கள் சட்டமா?"

"ஆமாங்க."

"அப்படியானால் குனியுங்கள்."

வாத்தியார் தலைப்பாகையை எடுத்து மேசைமேல் வைத்தார். குனிந்தார். மொக்கம்மாள் அவர் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். ஒரு வருஷத்து ஆத்திரத்தையும் முஷ்டியில் கூட்டிக் குட்டினாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் சிரித்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். ஒழுக்கம் இல்லையாம்! பெரியப்பா அவளைத் திட்டவில்லை. தகரப்பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் மூன்று நாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். எந்த மதகு, வாரத்தில் எத்தனை நாள் என்பது மட்டும் விளங்கியது. அது போதுமாக இருந்தது. அதைச் சொல்லிப் பெரியப்பா மதகடியில் போய் நின்றார், அந்த வருஷம் வயலுக்குத் தண்ணீர் வந்தது.

பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், சொந்தமாகக் கத்தரித் தோட்டம். இரண்டு பிள்ளைகளுக்கும் வடத்தில் உட்கார வைத்துத்தான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். சுயம்புலிங்கம் அவளைக் கடைத்தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

இருபது வருஷம் கழித்துக் கம்பம் சந்தையில் அவளைப் பார்த்தேன். தலையில் கத்தரிக்காய்க் கூடை. பழைய கதை பேசினோம்.

"படிப்பு போச்சேன்னு வருத்தமா இருக்காக்கா?"

"ரெண்டு வருத்தம் இருக்குடா. ஒண்ணு, அந்தாள ஒரு குட்டோட விட்டது." கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். "இன்னொண்ணு நீ. குனி."

சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தேன். அவள் மெல்லக் குட்டவில்லை.