பதினொன்றாவது மரம்

அம்மாவோடு சுங்கை லாலாங் பக்கம் போகையில், முன்னால் சென்ற லாரியிலிருந்து ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் அடித்ததும், தீபாவளிக்கு முந்தைய காலைகளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் எஸ்டேட் மயானத்துக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. கல்லறை கட்ட வசதியில்லாத எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் ரப்பர் மரத்தை வைத்துத்தான் குழிக்கு அடையாளம் சொல்வார்கள்; என் தங்கை தார் ரோட்டிலிருந்து பதினொன்றாவது மரத்தடியில் இருந்தாள், அம்மா மரத்துக்கு மரம் நாலு எட்டு என எண்ணிக்கொண்டே போவாள், மயானத்து மரத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று எல்லாரும் நம்பினார்கள்.

இன்று அங்கே மரங்களை அழித்துக் கட்டிய ஏரிக்கரை நகரம். வாசலில் வைத்திருந்த வரலாற்றுப் பலகையின்படி ஆதியிலிருந்தே ஏரி இருந்ததாம், அதைச் சுற்றி நெல் விவசாயிகள் குடியேறினார்களாம். அந்தப் பலகையில் எஸ்டேட் என்ற சொல்லே இல்லை.

"ரொம்ப பழைய ஏரி லா, அக்கா," என்றார் வாசலில் நின்ற காவலாளி, என் முகத்தைப் பார்க்காமல்.

"பழைய ஏரிக்கு இவ்ளோ நேரான கரையா?" என்றாள் அம்மா.

பிறகு தார் ரோட்டிலிருந்து எட்டு வைத்து எண்ணினாள். ஏழாவது மரம் இருந்த இடத்தில் ஏரியின் கம்பி வேலி தடுத்தது. மீதி நாலையும் தண்ணீர்மேல் விரலால் எண்ணினாள். விரல் நின்ற இடத்தில் இரண்டு பிள்ளைகள் சிரித்தபடி அன்ன வடிவ மிதிபடகை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.