நின்றது, ஆனால் விழிக்கவில்லை

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பழங்காநத்தத்தில் தெருநாய்களுக்கு உதவும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். விதிமுறை சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் தேவை என்று முடிவு செய்தவன் நான்தான்.

ஒரு மாலை, ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் காலில் புண்ணோடு கிடந்த செவலை நாய்க்கு மருத்துவர் மயக்க ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார். "நல்லாத் தெளிஞ்சதும் விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கொக்குகள் மரத்தில் அடையத் தொடங்கின. தண்ணீர் முழுவதும் மஞ்சள் வெயில் மிதந்தது. நாய் எழுந்து நின்றது.

"எந்திரிச்சாச்சு. விதிப்படி விட்டுரலாம்" என்று அதன் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன்.

உடன் வந்த பக்கத்து வீட்டு முருகேஸ்வரி, "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்பதற்குள் நாய் நடந்தது. கனவில் யாரோ கூப்பிட்டதுபோல, அவசரமே இல்லாமல் கண்மாய்க்குள் இறங்கியது. நீந்தவில்லை. தலை மெல்லத் தாழ்ந்தது, மூக்கும் மறைந்தது.

செருப்போடு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடி அதைத் தூக்கினேன். என் தோளில் ஒரு தும்மல் தும்மிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது.

"நின்னா முழிச்சிருச்சுன்னு அர்த்தமாண்ணே? காலைல காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களும் இப்படித்தான் நிப்பீக!" என்றாள் முருகேஸ்வரி.

இப்போதெல்லாம் எழுந்த நாயைக் கயிற்றோடு கரையில் மெதுவாக நடத்திப் பார்க்கிறேன். அது என்னை நேராகப் பார்த்து உறுமிய பிறகுதான் அவிழ்த்து விடுகிறேன்.