எட்டு விளக்கும் எரிந்தால் போதும்

புதுக் கருவி வாங்கப் போகிற நாளில் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. சேலை வாங்கப் போனாலும் நகை வாங்கப் போனாலும் இப்படி ஆவதில்லை. அன்றைக்கும் இரண்டு இடியப்பத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். "கேபிள் டெஸ்டர் வாங்கப் போறவ மாதிரி தெரியல, மாப்பிள்ளை பாக்கப் போறவ மாதிரி இருக்க" என்றார் என் கணவர். பதில் சொல்ல நேரமில்லை. வாசலில் ஆட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் இருந்தவர் நானா. நானா என்றால் அண்ணன்; ஆனால் என் உடன்பிறந்தவர் அல்ல, மடவளைக்காரர். அங்கே எல்லோருக்கும் நானா, அதனால் எனக்கும் நானா. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் நாங்கள் இருவரும் நான்கு வருடமாகச் சேர்ந்து கேபிள் வேலை செய்கிறோம். வீடு, கடை, சின்ன ஒஃபிஸ், இன்டர்நெட், கெமரா, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். ஏணியில் ஏறுவது, சுவரைத் துளைப்பது, கேபிள் இழுப்பது அவர் வேலை. முனைகளில் க்ளிப் அடிப்பதும் கடைசியில் கொம்பியூட்டரில் எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பதும் என் வேலை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு டெஸ்டர் இருந்தது. நெட்வேர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. டெஸ்டரில் எட்டு விளக்கு. இரண்டு முனையிலும் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் பச்சை எரியும். எரிந்தால் வேலை முடிந்தது. நானா அதை இடுப்பு வாரில் தொங்கவிட்டிருப்பார். "எட்டும் எரியுது தங்கச்சி, வாங்க போவோம்" என்று அவர் சொல்வதுதான் எங்கள் வேலைக்கு மங்களம் பாடுவது.

திகனயில் எடுத்த வேலையில்தான் அந்த மங்களம் பலிக்காமல் போனது.

அது ஒரு டொக்டரம்மாவின் ஸ்கேன் நிலையம். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய வீட்டுக்குப் பின்னால் நீளமாகப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார். ஸ்கேன் மெஷின் புதுக் கட்டடத்தின் கடைசி அறையில். அவர் உட்கார்ந்து படம் பார்ப்பது பழைய வீட்டின் முன்னறையில். இரண்டு கட்டடத்தையும் இணைக்க ஃபைபர் கேபிளும், புதுக் கட்டடத்துக்குள் பன்னிரண்டு நெட்வேர்க் கேபிளும் போட்டோம். அதுவரை நாங்கள் எடுத்த வேலைகளில் அதுதான் பெரியது. முதல் நாள் நான் அந்தக் கட்டடத்தை மூன்று கோணத்தில் ஃபோட்டோ எடுத்துவைத்தேன். அவ்வளவு பெருமை.

எல்லாம் பூட்டி முடித்து, எட்டு விளக்கும் எரிந்து, மெஷினிலிருந்து முதல் படத்தை அனுப்பினால் அது வந்து சேரவே இல்லை. பிறகு வந்தது. பிறகு பாதியில் நின்றது. இரண்டு நாள் பொறுத்திருந்த டொக்டரம்மா செவ்வாய்க்கிழமை எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"பிள்ளை, ஒரு படம் வர முதல் நான் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிடுறன். திங்கக்கிழமை ஸ்கேன் எடுக்க ஆக்கள் வரப்போகினம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவரேல்லை எண்டால் கொழும்பு ஆக்களைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கழட்டிப் புதுசாப் போடச் சொல்லுவன். குறை நினைக்காதையுங்கோ."

குறை நினைக்கவில்லை. பயந்துதான் போனேன். நாங்கள் போட்டதை வேறு ஆட்கள் கழற்றிப்போட்டால் திகனயில் மட்டுமல்ல, கட்டுகஸ்தோட்டையிலும் யாரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பதற்றத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"ஃபைபர்லதான் கோளாறா இருக்கும் டொக்டர். கூரை மூலையில ரொம்ப மடங்கியிருக்கு" என்றேன்.

ஃபைபரை இழுத்தது நானா. பலாமரத்துப் பக்கக் கூரை மூலையில் அதைத் திருப்பும்போது நான் கீழே நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, ரொம்ப மடக்கினால் வெளிச்சம் கசிந்துவிடும் என்று அப்போதே சத்தம் போட்டேன். "ஒண்டும் ஆகாது தங்கச்சி" என்றார். இப்போது டொக்டரம்மா முன்னால் அவர் மிச்சக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றுகூட அப்போது நான் யோசிக்கவில்லை. என் மூளையெல்லாம் ஃபைபரைச் சோதிக்க ஒரு கருவி வேண்டும் என்பதிலேயே இருந்தது. எட்டு விளக்கு டெஸ்டருக்குக் கண்ணாடி இழையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அதனால்தான் புதன்கிழமை காலை இடியப்பம் இறங்கவில்லை.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக்கடை. கீழே வண்டி நிறுத்த இடமில்லை. நானா ஆட்டோவிலேயே இருந்து பொலிஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரு புடவைக்கடைப் பையோடு படியேறினேன். பைக்குள் நான் முந்தின நாள் தயார் பண்ணிய சாமான்கள்: தையல் நாடா வைத்துச் சரியாகப் பத்து மீற்றர் அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் க்ளிப் அடித்த கேபிள் ஒன்று, உள்ளே ஒரு கம்பியை வேண்டுமென்றே அறுத்துவிட்ட கேபிள் இன்னொன்று, ஃபைபர் துண்டு ஒன்று. டெஸ்டரை நம்புவதற்கு முன் டெஸ்டரையே சோதிக்க வேண்டாமா?

கடைக்காரர் மேசையில் மூன்றை வரிசையாக வைத்தார். முதலாவது ஃபைபருக்கு மட்டும்: வெளிச்சத்தின் அளவைக் காட்டும், சிவப்பு ஒளியும் விடும். கைக்குள் அடங்கியது, விலையும் குறைவு. மற்ற இரண்டும் எல்லாம் செய்கிற கருவிகள். நெட்வேர்க் கேபிளின் நீளம் சொல்லும், அறுந்த கம்பி எத்தனையாவது மீற்றரில் அறுந்திருக்கிறது என்று சொல்லும், சுவருக்குள் ஓடும் கேபிளைச் சத்தம் வைத்துத் தேடித்தரும், அதோடு ஃபைபரையும் பார்க்கும். சின்னத் திரை, சார்ஜ் பண்ணும் பற்றரி, கூடவே மறுமுனையில் மாட்ட ஒரு குட்டிப் பெட்டி. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என் பத்து மீற்றர் கேபிளை ஒன்றில் மாட்டினேன். பதினான்கு மீற்றர் என்றது. "வெயிலுக்கு அப்படிக் காட்டும் மிஸ்" என்றார் கடைக்காரர். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவைத்தேன். மற்றதில் மாட்டினேன். பத்து தசம் இரண்டு! அறுத்துவைத்த கேபிளை மாட்டினால் எந்தக் கம்பி, எந்த இடம் என்று படம் வரைந்து காட்டியது. கடைக்குள்ளேயே "ஆ!" என்று கத்திவிட்டேன். ஃபைபர் துண்டை மாட்டினால் மறுமுனையில் மருதாணி போலச் சிவப்பாக ஒரு பொட்டு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திரை வெளிச்சத்தில் தெரிகிறதா என்று பார்த்தேன். கருவியின் ஃபைபர் ஓட்டைக்கு, நாங்கள் போட்ட கேபிள் முனையிலிருக்கும் பச்சைத் தலையும் பொருந்துமா என்று கேட்டேன். பொருந்த ஒரு துண்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

ஒரே ஒரு சின்ன உறுத்தல். என் பத்து மீற்றர் கேபிளை மாட்டியிருக்கும்போது திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு குறி வந்தது. "இது என்ன?" என்றேன். "பற்றரி குறைவு போல மிஸ்" என்றார். எனக்கும் அப்போது அதைக் குடைய மனமில்லை.

ஆனாலும் முடிவெடுக்க முடியவில்லை. எனக்கு வேண்டியது ஃபைபரைப் பார்க்க மட்டுந்தானே? கோளாறு அங்கேதானே இருக்கிறது? விலை குறைந்த கருவியே போதுமென்றது ஒரு மனம். தடதடவென்று படியிறங்கி ஆட்டோவுக்குள் தலையை விட்டு விஷயத்தைச் சொன்னேன். நானா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.

"எடுக்கிறெண்டா நல்லதா எடுங்க தங்கச்சி. ஃபைபர மட்டும் பாத்தாக் காணாது. ரெண்டையும் பாக்கிறது எடுங்க. பாதி நான் தாறன்."

"ஃபைபருக்கு மட்டும்னா போதுமே நானா?"

"ரெண்டையும் பாக்கிறது எடுங்க" என்று மறுபடி சொல்லிவிட்டு ஹோர்னை அடித்தார். பின்னால் ஒரு பஸ் கத்திக்கொண்டிருந்தது. நான் படியேறி ஓடினேன்.

அன்று பின்னேரம் வீட்டுச் சுவரில் கேபிள் மாட்டும் ஓட்டை ஒன்றையும் விடவில்லை. நானே போட்ட கேபிள்கள்தான். எல்லாவற்றையும் மாட்டி மாட்டிப் பார்த்தேன். வரவேற்பறை ஒன்பது மீற்றர், மாடி பதினேழு. "அந்த அம்மியையும் ஒருக்கா மாட்டிப் பாரு" என்றார் கணவர். எல்லாவற்றிலும் அந்த மஞ்சள் குறி வந்தது. பற்றரி நிறைந்திருந்தும் வந்தது. இது இந்த மெஷினின் குணம் போல என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை திகனயில், நான் பழைய வீட்டிலும் நானா புதுக் கட்டடத்திலும் நின்றோம். ஃபைபரில் சிவப்பு ஒளியை விட்டேன். "வருதா நானா?" என்று ஃபோனில் கேட்டேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"நல்லா வருது தங்கச்சி! கண்ணக் கூசுது! பாக்கப்படாது எண்டு நீங்கதானே சென்னீங்க!"

கூரை மூலைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கசிவு இல்லை. வெளிச்சத்தின் அளவை எடுத்தேன். போன வெளிச்சம் கிட்டத்தட்ட அப்படியே வந்து சேர்ந்தது. மறுபடி எடுத்தேன், மூன்றாவது முறையும் எடுத்தேன். நானாவின் ஃபைபரில் ஒரு குறையும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நான் ஏமாந்துபோய் நின்றேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

மிச்சமிருந்தது புதுக் கட்டடத்துக்குள் ஓடும் பன்னிரண்டு நெட்வேர்க் கேபிள்கள். ஒவ்வொன்றாக மாட்டினேன். அறுபது மீற்றர், மஞ்சள் குறி. அறுபத்தெட்டு மீற்றர், மஞ்சள் குறி. எட்டுக் கம்பியும் வரிசை பிசகாமல் இருந்தன. வேறு ஒன்றும் தோன்றாமல், ஸ்கேன் மெஷினோடு பெட்டிக்குள் வந்திருந்த குட்டிக் கேபிளை எடுத்து மாட்டினேன். தொழிற்சாலையில் செய்தது.

மஞ்சள் குறி வரவில்லை.

கழற்றி மறுபடி மாட்டினேன். வரவில்லை. என்னுடையதை மாட்டினேன். வந்தது. நான் செய்த கேபிளில் எல்லாம் வருகிறது, நான் செய்யாத ஒன்றில் மட்டும் வரவில்லை! முதல் தடவையாக அந்தக் குறியை அழுத்தினேன். ஒரு படம் விரிந்தது. அதில் பச்சையும் நீலமும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போயின.

கேபிளுக்குள் எட்டுக் கம்பியும் நான்கு ஜோடியாக முறுக்கப்பட்டிருக்கும். செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைத் துணை. க்ளிப்புக்குள் வைக்கும்போது பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை வைப்பதுதான் உலகமெல்லாம் உள்ள முறை. எனக்கு அது அர்த்தமில்லாத ஏற்பாடாகத் தெரிந்தது. இரண்டு முனையிலும் ஒரே வரிசையாக இருந்தால் போதும் என்றுதான் இந்த வேலையில் எல்லோரும் சொல்வார்கள். அதனால் ஜோடியைப் பிரிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே ஒரு வரிசை உண்டாக்கினேன். கலர் பென்சிலால் அட்டையில் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமான் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினேன். எவ்வளவு அழகான வரிசை! ஆனால் மெஷின்கள், உலக முறையில் பச்சை ஜோடி நிற்கும் மூன்றாவதையும் ஆறாவதையும் ஜோடியாக வைத்துத்தான் பேசுகின்றன. என் வரிசையில் அவை இரண்டு வேறு முறுக்கைச் சேர்ந்த கம்பிகள். ஒன்றின் பேச்சு மற்றதில் கலந்துவிடுகிறது. வீட்டிலும் கடையிலும் நீளம் குறைவு, எப்படியோ ஓடியது. அறுபது மீற்றரில் ஓடவில்லை. எட்டு விளக்குக்கு ஜோடி எது என்று தெரியாது, அது எட்டையும் எரித்துக் காட்டியது.

டொக்டரம்மாவிடம் நானே போனேன். "டொக்டர், ஃபைபர் நல்லா இருக்கு. பிழை நான் அடிச்ச க்ளிப்புலதான். அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எவ்வளவு நேரம் வேணும்?"

"இன்னிக்குப் பின்னேரத்துக்குள்ள முடிச்சிருவோம்."

"ஓம், செய்யுங்கோ. பின்னேரம் நான் ஒரு படம் அனுப்பச் சொல்லிப் பாப்பன்."

இருபத்துநான்கு முனை. நானா பழைய க்ளிப்பை வெட்டி வெட்டித் தர, நான் பச்சையைப் பிரித்து நடுவில் நீலத்தை வைத்து அடித்துக்கொண்டே போனேன். அடித்து முடித்த ஒவ்வொன்றையும் மாட்டியபோது திரையின் அந்த மூலை வெறுமையாக இருந்தது. நாலரை மணிக்கு டொக்டரம்மா முன்னறையில் உட்கார்ந்துகொண்டு முதல் படத்தை அனுப்பச் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். படம் வந்துவிட்டது. இன்னொன்றை அனுப்பச் சொன்னார், அதுவும் வந்தது. "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். நான் துள்ளிக் குதிக்காத குறை.

திரும்பும்போது ஆட்டோவின் பின் இருக்கையில் புதுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷத்திலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பல்லேகலை தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"நானா, இத நான் எதுக்கு வாங்கினேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னப் பிடிக்கத்தானே" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரிந்துகொண்டா பாதிப் பணம் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதுதான் நல்லதா எடுக்கச் சென்னேன்."