லாங் ஐலண்ட் படகுக்குக் காத்திருந்தவர்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். எழுத உட்கார்ந்து நாலு வாரம் ஆயிற்று. எழுத வராமல் இல்லை, அலுப்பாக இருக்கிறது. அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்த காலமெல்லாம் எனக்கு அலுப்புதான். அதை மறைத்து எழுதினால் எங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் நம்பமாட்டீர்கள்.

எங்கள் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவர். அண்ணன் பிறந்தது சிப்பிகாட்டில். எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அவருடைய அரசாங்க வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. ஸ்டோரில் சிமெண்ட் மூட்டைகளுக்கும் குழாய்களுக்கும் நடுவில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "சாயங்காலம் ஆனா வீட்டுல தங்காதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்பார். சாயங்காலம் அவர் இருந்த இடம் கிரிக்கெட் மைதானம். ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பைசா வாங்காமல் ஆட்டம் சொல்லிக் கொடுத்தார்.

சுனாமியில் சிப்பிகாட்டுத் திடலில் ஏறிய கடல்நீர் திரும்பிப் போகவேயில்லை. வீட்டையும் விட்டு, மின்னி பேயில் இருந்த என் வீட்டுக்கு அண்ணன் வந்து சேர்ந்தார். என் கணவருக்குக் கப்பலில் வேலை, வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அண்ணன் துணையாக இருப்பார் என்று சந்தோஷப்பட்டேன். அவரோடு ஒரு கயிற்றுப் பாயும் வரும் என்று அப்போது தெரியாது.

அந்தப் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் இந்த ஊரில் மண் பிட்ச் நிற்காது. சிமெண்ட் தளம் போட்டு அதன்மேல் தேங்காய்நார்ப் பாயை விரித்துத்தான் ஆடுவார்கள். மழை வந்தால் பாயைச் சுருட்ட வேண்டும். நனைந்த பாயைக் காயப்போட என் வீட்டு வராந்தாவைத் தவிர அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஈர நார் வாடையிலேயே சமைத்தேன், சாப்பிட்டேன்.

பக்கத்து அரசுப் பள்ளி அணியை அண்ணன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பெங்காலி, தெலுங்கு, தமிழ், ராஞ்சிக்காரர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. முட்டை வாங்கி அவுட்டானவன்தான் அன்றைக்கு ஸ்கோர் எழுத வேண்டும். பந்து மட்டையில் உரசிக் கேட்ச் ஆனது தனக்குத் தெரிந்தால், அம்பயர் கை தூக்குமுன் தானாக வெளியே வந்துவிட வேண்டும். பள்ளிக்கு மட்டம் போட்டவனுக்கு ஒரு வாரம் மட்டை கிடையாது. சத்தம் போட்டு ஒருவனையும் திட்டியதில்லை. என் மகன் செந்திலும் அந்த அணியில் ஆடினான். மாமா என்பதற்காக அவனுக்கு ஒரு பந்துகூட அதிகம் கிடைத்ததில்லை.

இனி எழுதப்போவது பலருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் என் வாயால் யாரும் கேட்டதில்லை. செந்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம், தீவுப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் பள்ளி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிர் அணி, பல மணி நேரம் படகில் வர வேண்டிய லாங் ஐலண்ட் தீவுப் பள்ளி. ஜெயிக்கிற அணி மெயின்லேண்டுக்குப் போய் ஆடும். அங்கே ஆட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கப் பெரிய ஆட்கள் வருவார்கள். செந்திலுக்கு அது கடைசி வருஷம். ஒரு மாதமாக அவன் தூக்கத்திலும் அதே பேச்சுதான்.

ஆட்டம் காலை ஒன்பது மணிக்கு. முந்தின நாள் கடல் சரியில்லாமல் லாங் ஐலண்ட் படகு ரத்தாகிவிட்டது. பிள்ளைகள் மறுநாள் விடியற்காலையில்தான் படகேறினார்கள். நான் எங்கள் பையன்களுக்கு ஒரு அண்டா எலுமிச்சைச் சாதம் கிண்டி எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனபோது மணி பத்து. எதிர் அணியைக் காணோம். அம்பயர் அண்ணனிடம் வந்து, "வாக்ஓவர் எழுதித் தந்துடுங்க சார். ரூல்படி நீங்க ஜெயிச்சாச்சு" என்றார்.

"அவனுங்க வராம இல்ல சார். வந்துகிட்டு இருக்கானுங்க" என்றார் அண்ணன்.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, நம்ம புள்ளைங்க முகத்தைப் பாருங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"போட் கேன்சலானா அவனுங்க என்ன தங்கச்சி பண்ணுவானுங்க? நாளைக்கி நம்ம புள்ளைங்களும் போட்டுலதான் போவணும்" என்று சொல்லிவிட்டுப் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அண்டாவை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மீதியைச் செந்தில் சொல்லித்தான் தெரியும். படகு வரும்போது மணி ஒன்று. வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு அண்ணன் முதலில் சாப்பாடு போட்டார், என் எலுமிச்சைச் சாதத்தை. இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் ஆட்டத்தைப் பத்து ஓவராகக் குறைத்தார்கள். கடைசி ஓவரில் செந்தில் அவுட்டானான். மூன்று ரன்னில் தோற்றோம். நான் சமைத்ததைத் தின்றுவிட்டு என் மகனையே தோற்கடித்தார்கள்.

மூன்று மாதம் நான் அண்ணனோடு பேசவில்லை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவேன். பிறகு ஒரு நாள் நல்ல மழை. பார்த்தால், அண்ணன் நனைந்த பாயைத் தோளில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் ஏறத் தயங்கி வாசலிலேயே நிற்கிறார். "உள்ள கொண்டாங்க, நனையுது" என்றேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். அந்த ஆட்டத்தைப் பற்றி இருவரும் பிறகு பேசியதில்லை. பையன்களை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசி இரண்டு வருஷம் சிறுநீரகக் கோளாறு அவரை உருக்கிவிட்டது. மெயின்லேண்டுக்குப் போகலாம் என்றபோது, "அங்க போயி கெடக்கிறத இங்கயே கெடக்கிறேன்" என்று மறுத்துவிட்டார். நானும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஓய்ந்துபோயிருந்தேன். ஒரு மாலை அவர் மூச்சு அடங்கியது.

மறுநாள் காலை லாங் ஐலண்டிலிருந்து ஒரு போன் வந்தது. அன்று எங்களைத் தோற்கடித்த அணியின் கேப்டன் சுனில். ராஞ்சிக்காரப் பிள்ளை, இப்போது மீன்பிடி படகு வைத்திருக்கிறான். எட்டுப் பேரோடு போட்டில் ஏறிவிட்டதாகச் சொன்னான். அதோடு சிக்னல் போய்விட்டது. மதியம் வர வேண்டிய படகு மூன்று மணியாகியும் வரவில்லை. "இருட்டிரும்மா, எடுத்துடலாம்" என்றார் எங்களுக்குப் பெரியப்பா முறையான பெரியவர். எனக்கும் எல்லாம் முடிந்தால் போதும், எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது. சரி என்றேன்.

கொள்ளி வைக்க வேண்டியவன் செந்தில். ஈர வேட்டியோடு என் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அம்மா, லாங் ஐலண்ட் போட் இன்னும் வரல."

"எப்ப வரும்னு யாருக்குடா தெரியும்? வராமலே போயிட்டா?"

"வராம இல்லம்மா. வந்துகிட்டு இருக்காங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அவனுக்காக என்று நான் சுமந்த கோபம் அந்த முகத்தில் துளிகூட இல்லை. எழுந்து போய், "போட் வரட்டும் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

நாலு மணி தாண்டி வந்தார்கள், ஒன்பது பேரும் தொப்பலாக நனைந்து. "சமந்தர் பஹுத் கராப் தா, ஆன்ட்டி" என்று, கடல் மோசமானதற்குத் தானே பொறுப்பு என்பதுபோல் சுனில் கை கூப்பினான். அவர்களும் எங்கள் பையன்களும் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே காடு போய்ச் சேர்ந்தோம்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், இப்போது முறை போட்டுக்கொண்டு பாயைச் சுருட்டி என் வராந்தாவுக்குக் கொண்டுவரும் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இருட்டப்போகிறது என்று தெரிந்தும் எழுந்து போகாமல் அன்று எங்களோடு உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு நன்றி.

அண்ணே, அன்று மைதானத்தில் நான் உங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அண்டாவை வைத்துவிட்டு எழுந்து போனதற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.