விளக்கெண்ணெய்ப் புகை

பக்கத்து ஃபிளாட்டில் யாரோ விளக்கெண்ணெயைத் தீயவிட, கழக்கூட்டம் வீட்டிலிருந்து என்னைச் சின்ன வயது ஆரியசாலைக்கு, அப்பாவின் எண்ணெய்க் கிட்டங்கிச் சந்துக்கு இழுத்துப் போனது அந்த வாசம். பொம்மை விமானத்தின் எஞ்சினைச் சைக்கிளின் பின்சக்கரத்தில் பொருத்தி, ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்து ஊற்றி அண்ணன் ஏறிக்கொள்வான். உள்ளங்கையளவு எஞ்சினுக்கு ஆளை நகர்த்தும் வலுவில்லாததால், அது வண்டாய் இரைந்து உயிர்பிடிக்கும்வரை அவன் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுவேன்.

"ஏட்டி, புடிச்சாச்சு, கைய எடு!"

புகைக்குள் நின்று அவன் போவதைப் பார்ப்பேன்.

கிட்டங்கியை இடித்துவிட்டார்கள்; அங்கே இப்போது கார்கள் நிற்கின்றன. போன மாதம் ஆஸ்பத்திரியில், மூச்சுக்குத் திணறிய அண்ணனின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன், எல்லாம் அடங்கிய பிறகும். நர்ஸ்தான் மெதுவாக மலையாளத்தில் சொன்னாள்:

"கை எடுக்கூ, சேச்சீ."